நுண்கணிதத்துக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்கு

பதினொன்றாம் வகுப்பில் கணக்கை விரும்பி எடுத்த பிள்ளைகள்கூட, எல்லை, வகைக்கெழு என்ற பாடங்கள் தொடங்கியதும் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நுண்கணிதம் கஷ்டம் என்ற பேச்சு அண்ணன் தம்பிக்குச் சொல்லி, தம்பி அடுத்தவனுக்குச் சொல்லி வழிவழியாக வருகிறது. அதை நான் ஏற்கவில்லை. முதல் நாளிலேயே சூத்திரப் பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் கஷ்டத்துக்குக் காரணம். கையால் எண்களைப் போட்டுப் பார்த்து, விடை எங்கே போய்ச் சேருகிறது என்று கண்ணால் கண்ட பிள்ளைக்கு அந்தப் பயம் வராது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு நம்பிக்கையில் சொல்வதுதான். பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. இந்தப் பாடத்தில் கேள்வி இரண்டுதான்.

வீட்டு மின்மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் போய் நில்லுங்கள். டிஜிட்டல் மீட்டராக இருந்தால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று மீட்டரின் முகப்பிலேயே போட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட், அதாவது 3200 துடிப்பு. நிமிடத்துக்கு 53 சொச்சம். கிரைண்டரைப் போட்டதும் துடிப்பு விரைவாகும், நிறுத்தியதும் தளரும். இந்தக் கணத்தில் மின்சாரம் எந்த வீதத்தில் செலவாகிறது என்பதை அந்தத் துடிப்பு சொல்கிறது. இதுவரை மொத்தம் எவ்வளவு செலவானது என்பதை மீட்டரில் ஓடும் எண் சொல்கிறது.

வீதம் என்ன என்பது வகை நுண்கணிதத்தின் கேள்வி. மொத்தம் எவ்வளவு என்பது தொகை நுண்கணிதத்தின் கேள்வி. ஒன்று தெரிந்தால் மற்றதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கத் தொடங்கினால் பாடத்தின் நடு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள்.

2. சூத்திரத்துக்கு முன்னால் எண்.

ஆழமான கிணற்றில் ஒரு கல்லைக் கைநழுவ விடுகிறோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கல் விழுந்த தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்று கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். எளிமைக்காக, விழுந்த தூரம் மீட்டரில் 5 × நேரம் × நேரம் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு நொடியில் 5 மீட்டர். இரண்டு நொடியில் 20. மூன்று நொடியில் 45.

சரியாக இரண்டாவது நொடியில் கல்லின் வேகம் என்ன? வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. ஆனால் ஒரே கணத்தில் நேரமும் ஓடவில்லை, தூரமும் கடக்கவில்லை. எதை எதால் வகுப்பது? இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் பேனாவை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். கணத்துக்குப் பதிலாக ஒரு சிறு இடைவெளியை எடுங்கள்.

இரண்டிலிருந்து மூன்று நொடி வரை கடந்த தூரம் 25 மீட்டர். சராசரி வேகம் 25. இரண்டிலிருந்து 2.1 வரை எடுத்தால் தூரம் 22.05 - 20 = 2.05, அதை 0.1-ஆல் வகுத்தால் 20.5. இரண்டிலிருந்து 2.01 வரை எடுத்தால் 20.05. 2.001 வரை எடுத்தால் 20.005. இனிப் பின்பக்கத்திலிருந்தும் வாருங்கள். 1.9-இலிருந்து 2 வரை சராசரி வேகம் 19.5. 1.99-இலிருந்து 2 வரை 19.95. மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் எண்கள் ஒரே இடத்தை நெருங்குகின்றன. இரண்டாவது நொடியில் கல்லின் வேகம் நொடிக்கு 20 மீட்டர்.

இதுதான் எல்லை. இதுதான் வகைக்கெழு. பெயர் பெரிதாக இருக்கிறது, வேலை இவ்வளவுதான். மேலே உள்ள எண்களை நான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு போகாதீர்கள்; ஒவ்வொன்றையும் நீங்களே பெருக்கி வகுத்துப் பாருங்கள். பிறகு மூன்றாவது நொடிக்கும் நான்காவது நொடிக்கும் இதையே செய்யுங்கள். 30, 40 என்று வரும். வேகம் எப்போதும் நேரத்தைப் போல் பத்து மடங்கு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பாடப்புத்தகம் சூத்திரமாகத் தருவதை நீங்கள் கண்டுபிடித்ததாக ஆகிவிடும். அப்படிக் கிடைத்த சூத்திரம் பரீட்சை ஹாலில் மறக்காது.

3. ‘பூஜ்யத்தால் வகுக்கிறோமே’ என்ற சந்தேகம் வந்தால் வெட்கப்படாதீர்கள்.

மேலே செய்ததை இயற்கணிதமாக எழுதினால், இரண்டாவது நொடியிலிருந்து ஒரு சிறு இடைவெளிக்குள் சராசரி வேகம் 20 + 5 × இடைவெளி என்று வரும். இடைவெளியால் வகுத்தபோது அது பூஜ்யம் இல்லை என்றோம். விடை சொல்லும்போது மட்டும் அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறோம். இது நியாயமா?

கேட்டால் ஆசிரியர் கோபிப்பாரோ என்று பலர் வாய் திறப்பதில்லை. இதே கேள்வியை 1734-இல் பிஷப் ஜார்ஜ் பெர்க்லி ‘தி அனலிஸ்ட்’ என்ற நூலில் நியூட்டன் வழிவந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். உடனே நல்ல பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. 1821-இல் பாரிஸில் கோஷி எழுதிய பாடநூலில் எல்லை என்ற கருத்து உறுதியான அடித்தளமாக வந்தது. பிறகு ஜெர்மனியில் வயர்ஸ்ட்ராஸ் அதை இன்றுள்ள துல்லியத்துக்குக் கொண்டுவந்தார். நியூட்டன் நுண்கணித வேலையைத் தொடங்கியது 1660களில். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அறிஞர்களையே உறுத்திய சந்தேகம் உங்களுக்கும் வந்தால், பாடம் சரியாக மண்டையில் ஏறுகிறது என்றுதான் அர்த்தம்.

பதில் இதுதான். நாம் பூஜ்யத்தைப் போடவே இல்லை. சராசரி வேகம் எந்த எண்ணை நெருங்குகிறது என்று மட்டும் கேட்கிறோம். நீங்கள் ஒரு நிபந்தனை வையுங்கள்: விடை 20-க்கு 0.001 தூரத்துக்குள் வர வேண்டும். நான் சொல்கிறேன், இடைவெளியை 0.0002-க்குக் குறைவாக எடுங்கள், வந்துவிடும். 0.00001 தூரத்துக்குள் வேண்டுமா? இடைவெளியை 0.000002-க்குக் குறைவாக எடுங்கள். நீங்கள் எவ்வளவு கெடுபிடி செய்தாலும் என்னிடம் பதில் இருக்கிறது. 20 தவிர வேறு எந்த எண்ணுக்கும் இந்த உத்தரவாதத்தைத் தர முடியாது. கல்லூரியில் எப்சிலான், டெல்டா என்று கிரேக்க எழுத்துகளோடு வரும்போது பயப்படாதீர்கள். நீங்கள் கேட்பது எப்சிலான், நான் கொடுப்பது டெல்டா.

4. விதிகளைப் படமாக வரைந்து பாருங்கள்.

பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். பரப்பு 100. பக்கத்தை 10.1 ஆக்குங்கள். பரப்பு 102.01. கூடிய 2.01 எங்கே இருக்கிறது என்று படத்தில் தேடுங்கள். வலப்பக்கம் ஒரு பட்டை, பரப்பு 1. மேலே ஒரு பட்டை, பரப்பு 1. மூலையில் ஒரு துணுக்குச் சதுரம், பரப்பு 0.01. பக்கம் கூடுவது சிறிதாகச் சிறிதாகப் பட்டைகளும் மெலியும். ஆனால் மூலைத் துணுக்கு அதைவிட வேகமாக ஒன்றுமில்லாமல் போகும். மிஞ்சுவது இரண்டு பட்டை. வர்க்கத்தின் வகைக்கெழுவில் வரும் ‘இரண்டு’ அந்த இரண்டு பட்டைதான்.

சதுரத்துக்குப் பதில் நீளமும் அகலமும் தனித்தனியாக வளரும் செவ்வகம் வரைந்தால் பெருக்கல் விதி கிடைக்கும். அங்கேயும் இரண்டு பட்டைதான். ஒன்று நீளத்தை ஒட்டி, மற்றது அகலத்தை ஒட்டி. அதனால்தான் அந்த விதியில் இரண்டு உறுப்பைக் கூட்டுகிறோம். இரண்டு வகைக்கெழுவையும் நேரே பெருக்கினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸுக்கே 1675 நவம்பரில் எழுதிய குறிப்புகளில் அந்த எண்ணம் வந்தது; அவர் சோதித்துப் பார்த்து, அது ஆகாது என்று கண்டுகொண்டார். நேரே பெருக்கினால் கிடைப்பது மூலைத் துணுக்கு மட்டுமே என்பதைப் படம் காட்டிக்கொடுக்கும்.

5. இயற்கணிதக் கையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நுண்கணிதத்தில் தவறு செய்தேன் என்று கொண்டுவரும் விடைத்தாள்களில் பாதிக்கு மேல் நுண்கணிதத் தவறே இருக்காது. பின்னம் கூட்டுவதில் பிசகு, அடைப்புக்குறியை விரிப்பதில் குறி மாற்றம், அடுக்கு விதியில் தடுமாற்றம், இவைதான் இருக்கும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வெளியே எடுங்கள். இரண்டு வாரம் அதில் செலவிட்டால் இரண்டு ஆண்டு மிச்சமாகும்.

6. உச்சியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

30 செ.மீ. சதுர அட்டை ஒன்று. நான்கு மூலையிலும் ஒரே அளவில் சதுரம் வெட்டி எறிந்துவிட்டு, பக்கங்களை மடித்து மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். எவ்வளவு வெட்டினால் பெட்டியில் அதிகம் கொள்ளும்? இந்தக் கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வகைக்கெழுவைப் பூஜ்யத்துக்குச் சமமாக்கு என்று சொல்லி விடையாக 5 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். ஏன் பூஜ்யம் என்று கேட்பவர்கள் குறைவு.

எண் போட்டுப் பாருங்கள். 4 செ.மீ. வெட்டினால் கொள்ளளவு 1936 கன செ.மீ. 5 வெட்டினால் 2000. 6 வெட்டினால் 1944. இப்போது உச்சிக்குப் பக்கத்தில் போங்கள். 4.9 வெட்டினால் 1999.396. 5.1 வெட்டினால் 1999.404. ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் 56, 64 என்று குறைகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு, ஒரு மில்லிமீட்டர் தள்ளினால், குறைவதும் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டுமே? இல்லை. ஒரு கன செ.மீ. கூடக் குறையவில்லை. உச்சியில் வளைவு கிடைமட்டமாகப் படுத்துவிடுகிறது. அந்த இடத்தில் மாறும் வீதம் பூஜ்யம். ‘வகைக்கெழு பூஜ்யம்’ என்பதன் பொருள் இதுதான்.

இதைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் வானியல் அறிஞர் கெப்ளர். 1613-இல் மறுமணம் செய்துகொண்டவர், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தன் வீட்டுக்குத் திராட்சை மது வாங்கினார். வியாபாரி பீப்பாயின் துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டு, அது எதிர்மூலையைத் தொடும் நீளத்தை மட்டும் பார்த்து விலை சொன்னார். ஒல்லிப் பீப்பாய்க்கும் குண்டுப் பீப்பாய்க்கும் ஒரே கோல் அளவா என்ற கேள்வி கெப்ளரை விடவில்லை. 1615-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆஸ்திரியப் பீப்பாயின் வடிவம் அந்தக் கோல் அளவுக்கு ஏறக்குறைய அதிகபட்சம் கொள்ளும் வடிவம் என்றும், உச்சிக்கு அருகில் சிறு வித்தியாசங்கள் கொள்ளளவை அதிகம் பாதிப்பதில்லை என்றும் கண்டார். நியூட்டன் பிறப்பதற்கு இருபத்தேழு ஆண்டு முன்பு நடந்தது இது. கடைக்காரர் அளந்ததைச் சும்மா விடாத மனம்தான் கணிதத்துக்கு வேண்டும்.

7. போன வழியே திரும்பி வாருங்கள்.

கல்லின் வேகம், நேரத்தைப் போல் பத்து மடங்கு என்று கண்டோம். இப்போது தூரத்தின் சூத்திரத்தை மறந்துவிடுங்கள். வேகம் மட்டும் தெரியும். இரண்டு நொடியில் கல் எவ்வளவு தூரம் விழுந்திருக்கும்?

வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் நேரே பெருக்க முடியாது. இரண்டு நொடியை அரை நொடியாக நான்கு துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருந்த வேகம் 0, 5, 10, 15. துண்டு முழுக்க அந்த வேகத்திலேயே போனதாகக் கொண்டால் மொத்தத் தூரம் 15 மீட்டர். வேகம் கூடிக்கொண்டே போவதால் இது உண்மையைவிடக் குறைவு. துண்டின் முடிவில் இருந்த வேகத்தை எடுத்தால் 5, 10, 15, 20. தூரம் 25 மீட்டர். இது உண்மையைவிட அதிகம். விடை 15-க்கும் 25-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 0.1 நொடியாக இருபது துண்டு போட்டால் 19-க்கும் 21-க்கும் நடுவில். 0.01 நொடியாக இருநூறு துண்டு போட்டால் 19.9-க்கும் 20.1-க்கும் நடுவில். இடுக்கி இறுகி இறுகி 20-இல் வந்து நிற்கிறது. கிணற்றில் முதலில் கண்ட அதே 20 மீட்டர்.

இப்படி இருபுறமும் வைத்து நெருக்கும் முறை மிகப் பழையது. ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணங்கள் வரைந்து, பை என்ற எண் 223/71-க்கும் 22/7-க்கும் நடுவில் இருக்கிறது என்று காட்டினார். பள்ளியில் நாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் 22/7 அந்த இடுக்கியின் மேல் பக்கம்.

இப்போது கவனியுங்கள். தூரத்திலிருந்து வேகத்துக்குப் போனோம், வகையிடல். வேகத்திலிருந்து தூரத்துக்கு வந்தோம், தொகையிடல். ஒன்று மற்றதைத் திருப்பிப் போடுகிறது. இதற்கு நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பெயர். ஐசக் பாரோ, ஜேம்ஸ் கிரிகோரி ஆகியோர் இந்த உறவை வடிவியல் வழியாகக் கண்டிருந்தார்கள். நியூட்டனும் லைப்னிட்ஸும் எந்தச் சார்புக்கும் பயன்படுத்தக்கூடிய பொதுக் கருவியாக அதை மாற்றினார்கள். இருநூறு துண்டு போட்டுக் கூட்ட வேண்டிய வேலையை இரண்டு வரியில் முடிக்க இன்று நம்மால் முடிவது அதனால்தான். யார் முதலில் கண்டுபிடித்தது என்று அவர்கள் ஆதரவாளர்கள் போட்ட சண்டையில் நேரம் செலவிட வேண்டாம்.

தொகையிட்டதும் ஒரு மாறிலியைச் சேர்க்கச் சொல்வார்கள். கிணற்றுக் கல்லை வைத்தே அதையும் புரிந்துகொள்ளலாம். வேகம் மட்டும் தெரிந்தால் எவ்வளவு தூரம் விழுந்தது என்று சொல்லலாம். கிணற்றுக் கட்டையிலிருந்து விட்டார்களா, மொட்டை மாடியிலிருந்து விட்டார்களா என்று சொல்ல முடியாது. அந்தத் தெரியாத தொடக்கம்தான் மாறிலி. அதை எழுத மறந்தால் மார்க் போவது இருக்கட்டும், உண்மையில் ஒரு தகவல் போகிறது.

8. முக்கோணவியல் சார்பு வந்தால் ரேடியனுக்கு மாறுங்கள்.

சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து சைன் 0.1 போட்டு, 0.1-ஆல் வகுங்கள், 0.998 வரும். 0.01 போட்டுச் செய்யுங்கள், 0.99998. பூஜ்யத்தில் கொசைனின் மதிப்பான ஒன்றை நெருங்குகிறது. டிகிரியில் வைத்துச் செய்தால் 0.01745 என்று வந்து நிற்கும். அது பையை 180-ஆல் வகுத்த எண். அந்த எண்ணை ஒவ்வொரு வரியிலும் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் ரேடியன்.

9. நம் பக்கத்து வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், அளவோடு.

14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் என்ற கணித வானியலாளர் இருந்தார். ஒன்று, கழித்தல் மூன்றில் ஒன்று, கூட்டல் ஐந்தில் ஒன்று, கழித்தல் ஏழில் ஒன்று என்று முடிவில்லாமல் போனால் பையின் கால் பங்கு கிடைக்கும் என்ற தொடரை அவர் மரபினர் அவருக்கே உரியதாகச் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவன் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’வில் இதற்கு நிரூபணமே இருக்கிறது. அந்த நிரூபணத்துக்கு ஒரு படி தேவைப்படுகிறது: 1, 4, 9, 16 என்று வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் கடைசி எண்ணின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். 10 வரை கூட்டினால் 385. ஆயிரத்தில் மூன்றில் ஒன்று 333. அவ்வளவு நெருக்கமில்லை. 100 வரை கூட்டினால் 338350. பத்து லட்சத்தில் மூன்றில் ஒன்று 333333. நெருங்கிவிட்டது. மேல்நிலை வகுப்பில் வர்க்கத்தைத் தொகையிட்டால் கனத்தில் மூன்றில் ஒன்று என்று படிக்கிறீர்களே, அதன் விதை இது.

இதைப் படிக்கும்போது பெருமை வருவது நியாயம். ஆனால் எல்லாமே இங்கே முன்பே இருந்தது என்று பேசுவது அந்தப் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வட்டம், சைன், கொசைன் சார்ந்த தொடர்களில் அவர்கள் எட்டிய ஆழம் வியக்கத்தக்கது. எந்தச் சார்பையும் எடுத்து வகையிட்டு, திருப்பித் தொகையிடும் பொதுமுறை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் உருவானது. இரண்டையும் அதனதன் அளவில் சொல்வதுதான் முறை.

10. ஒரு புத்தகம் போதும்.

ஐந்து கைடு வாங்கி ஐந்திலும் முதல் அத்தியாயம் மட்டும் படிப்பதில் பயனில்லை. பாடப்புத்தகத்தோடு கூட ஒன்று வேண்டுமென்றால், 1910-இல் சில்வானஸ் தாம்ப்சன் எழுதிய ‘கால்குலஸ் மேட் ஈசி’யைத் தேடுங்கள். பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய பாணி; தமிழ் வழியில் படித்தவர்கள் அகராதி வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தால் கணிதத்தோடு கல்லூரி ஆங்கிலத்துக்கும் பழகிவிடுவார்கள். வளைவுகளைப் பார்க்க ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு வளைவை வரைந்து, ஒரு புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். வளைவு நேர்கோடாகவே தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கோட்டின் சாய்வுதான் அந்தப் புள்ளியில் வகைக்கெழு. ஆனால் முதலில் நோட்டில் கையால் வரைந்த பிறகு திரைக்குப் போங்கள்.

11. இன்று ராத்திரிக்கு ஒரு கணக்கு.

சதுரத்துக்குச் செய்ததைக் கனசதுரத்துக்குச் செய்யுங்கள். பக்கம் 10 செ.மீ., கன அளவு 1000. பக்கத்தை 10.1 ஆக்கினால் கன அளவு 1030.301. கூடிய 30.301-ஐப் பிரித்துப் பாருங்கள். எத்தனை தகடு, எத்தனை குச்சி, எத்தனை மூலைத் துணுக்கு? தகடுகள் மட்டும் எவ்வளவு? படம் வர மறுத்தால் சோப்பையோ உருளைக்கிழங்கையோ கனசதுரமாக வெட்டி வைத்துக்கொண்டு செய்யுங்கள். பக்கத்தை 10.01 ஆக்கி மறுபடியும் போடுங்கள். குச்சியும் துணுக்கும் எவ்வளவு சுருங்கின என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கனத்தின் வகைக்கெழுவில் ‘மூன்று’ எங்கிருந்து வந்தது என்று சொந்த வாக்கியத்தில் ஐந்து வரி எழுதி, உங்கள் வகுப்பில் இந்தப் பாடத்துக்குப் பயப்படும் ஒரு பிள்ளையிடம் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் எந்த வரியில் தடுக்கியது என்று கேட்டு, அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள்.